திருவண்ணாமலைக்கு லீவுக்கு வாங்க, பௌர்ணமிக்கு மட்டும் வேண்டாம்

எங்கள் ஊருக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் ஒரு ராத்திரிதான் இருக்கிறார்கள். பௌர்ணமியன்று சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி, கூட்டத்தோடு கூட்டமாக 14 கிலோமீட்டர் நடந்து, ராஜகோபுரத்துக்கு எதிரே நின்று ஒரு கும்பிடு போட்டுவிட்டு, கால் வீங்கிப்போய் விடியற்காலையில் பஸ்ஸில் இடம் பிடிக்க ஓடுகிறார்கள். அது அவரவர் வேண்டுதல், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதே ஆட்கள் பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்ததும் "மலைக்கு எங்கேயாவது போகலாமா" என்று ஊட்டியிலும் கொடைக்கானலிலும் ரூம் தேடும்போது எனக்கு மனசு கேட்பதில்லை. அந்த இரண்டு ஊருக்கும் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் எடுத்துத்தான் வண்டியில் போக முடிகிறது. வண்டி நெரிசலைத் தாங்க முடியாமல் உயர் நீதிமன்றம் தலையிட வேண்டிய நிலைக்கு அந்த மலைகள் வந்துவிட்டன. இங்கே ஊரை ஒட்டியே ஒரு மலை இருக்கிறது. கொஞ்சம் தள்ளிப் போனால் ஜவ்வாது மலை முழுசாகக் காத்துக் கிடக்கிறது. ஒரு மூன்று நாள், நாலு நாள் தங்கிப் பாருங்கள் என்று கேட்பதற்குத்தான் இந்தப் பதிவு.

முதலில் வெயிலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இது ஊட்டி இல்லை. அண்ணாமலை 2,668 அடி உயரம்தான், அதுவும் பாறை. சித்திரை, வைகாசியில் பகலெல்லாம் குடித்த சூட்டை ராத்திரி முழுக்க ஊர்மேல் கக்கும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, மார்கழி, தை, மாசி வரைக்கும்தான் இங்கே நல்ல காலம். மே மாதம்தான் லீவு கிடைக்கும் என்றால் ஊருக்குள் ஒரு நாள் போதும், மிச்ச நாளை ஜவ்வாது மலைக்கு ஒதுக்குங்கள். கார்த்திகை தீபத்தையும் பௌர்ணமியையும் தவிர்த்துவிடுங்கள். சனி, ஞாயிறும் இப்போது தரிசன வரிசை மணிக்கணக்கில் நிற்கிறது. வாரத்தின் நடுவே வந்தால் ஊரே வேறு மாதிரி இருக்கும். சென்னை கடற்கரையிலிருந்து வேலூர் வரை போய்க்கொண்டிருந்த ரயிலை 2024 மே மாதத்தில் எங்கள் ஊர் வரைக்கும் நீட்டித்திருக்கிறார்கள். வண்டி இல்லாதவர்களுக்கு அது பெரிய வசதி.

முதல் நாள் கிரிவலம். பௌர்ணமியில் நடப்பதும் சாதாரண நாளில் நடப்பதும் ஒன்றே இல்லை. விடியற்காலை 4 மணிக்குக் கிழக்கு கோபுரத்திலிருந்து கிளம்புங்கள், செருப்பு வேண்டாம். மலை எப்போதும் உங்கள் வலது கைப்பக்கம். இந்திர லிங்கம், அக்னி லிங்கம் என்று வரிசையாக எட்டுத் திசைக்கும் எட்டு லிங்கம். அந்த நேரத்தில் ரோட்டில் சாதுக்கள் போர்வையை உதறி மடித்துக்கொண்டிருப்பார்கள், டீக்கடையில் முதல் பால் பொங்கும். நிருதி லிங்கத்தைத் தாண்டி மேற்கே திரும்பும்போது வெளுக்க ஆரம்பிக்கும். மலைக்குப் பின்னாலிருந்து சூரியன் வருகிற பக்கம் அது. மலை கறுப்பாக நிற்க, அதன் விளிம்பு மட்டும் சிவக்கும், பிறகு வெளிச்சம் உச்சியிலிருந்து மெள்ள வழிந்து இறங்கும். அந்த அரை மணி நேரம் பேசாமல் நடங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள், மலையின் உருவம் மாறிக்கொண்டே வரும். ஊரிலிருந்து பார்க்கையில் ஒரே முக்கோணமாகத் தெரிகிற மலை, போகப் போக இரண்டாகப் பிரியும், மூன்றாகும். குபேர லிங்கத்துப் பக்கம் ஐந்து சிகரமாகத் தெரியும், பஞ்சமுக தரிசனம் என்பார்கள். பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள், சலிக்காமல் நடப்பார்கள். பாதி வழியில் அடி அண்ணாமலை. அங்கே பழைய சிவன் கோவில் ஒன்றும், மாணிக்கவாசகருக்குத் தனிக் கோவில் ஒன்றும் உண்டு. அவர் திருவெம்பாவை பாடியது இங்கேதான் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. மார்கழியில் வருகிறவர்கள் அந்தக் கோவிலைப் பார்க்காமல் தாண்டிப் போகக் கூடாது.

வழியில் சுக்கு காபி விற்கிற ஆயா ஒருவரிடம் போன மாதம் பேச்சுக் கொடுத்தேன்.

"பௌர்ணமிக்குத்தான் வியாபாரம் ஓஹோன்னு இருக்குமே ஆயா?"

"அன்னிக்கு அண்டா காலியாவுது, யார் குடிச்சாங்கன்னே தெரியல கண்ணு. மத்த நாள்லதான் வர்றவங்க உக்காந்து குடிக்கிறாங்க, எந்த ஊருன்னு கேக்க முடியுது."

நான் சொல்ல வந்ததை என்னைவிட அவர் நன்றாகச் சொல்லிவிட்டார்.

இரண்டாம் நாள் காலை ரமணாசிரமத்துக்குப் பின்பக்கம் வழியாக மலைப்பாதையில் ஏறுங்கள். ஸ்கந்தாசிரமம் வரைக்கும் கல் பாவிய பாதை, மெதுவாக நடந்தால்கூட முக்கால் மணி நேரம்தான். வயதானவர்களும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறிவிடலாம். இருபுறமும் மரம் அடர்ந்து நிழலாக இருக்கும். ஒரு தலைமுறைக்கு முன்னால் இப்படி இல்லை, மொட்டைப் பாறையும் காய்ந்த புல்லும்தான். 1980களின் கடைசியிலிருந்து உள்ளூர்க்காரர்களும், வெளிநாட்டிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவர்களும் சேர்ந்து கன்று நட்டு, கோடையில் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து, தீத்தடுப்புக் கோடு வெட்டி வளர்த்த காடு இது. ஃபாரஸ்ட் வே போன்ற அறக்கட்டளைகள் இன்னமும் வருஷா வருஷம் நட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஏறும்போது அந்த நிழலை அனுபவிக்கிறவர்கள், யாரோ சுமந்த தண்ணீர் அது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

வழியில் மாக்கல்லில் சிற்பம் செதுக்குகிறவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். உள்ளங்கை அளவு நந்தியை உங்கள் கண்ணெதிரிலேயே அரத்தால் தேய்த்து முடிப்பார்கள். பேரம் பேசாமல் ஒன்று வாங்குங்கள், உழைப்புக்கு அது குறைவான விலைதான். ஸ்கந்தாசிரமத்துக்குச் சற்று முன்னால் ஒரு பாறை விளிம்பு வரும். அங்கிருந்து குனிந்து பார்த்தால் அண்ணாமலையார் கோவில் மொத்தமும் கீழே விரிந்து கிடக்கும். மதிலுக்குள் மதில், கோபுரத்துக்குள் கோபுரம். கீழே நின்று அண்ணாந்து பார்க்கும்போது பிடிபடாத அமைப்பு, மேலிருந்து பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிடும். அதனால்தான் கோவிலுக்குப் போகுமுன் இங்கே ஏறுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

ரமணர் 1896 செப்டம்பர் 1ஆம் தேதி, 16 வயதில், இந்த ஊரில் ரயிலை விட்டு இறங்கினார். 1950 ஏப்ரல் 14இல் உடலை விடும்வரை இந்த மலையை விட்டு வேறெங்கும் போகவில்லை. முதலில் கோவில் ஆயிரங்கால் மண்டபத்தின் பாதாள லிங்கக் குழியில் கிடந்தார். 1899 முதல் 1916 வரை விருபாட்ச குகையில், பிறகு 1922 வரை ஸ்கந்தாசிரமத்தில். அவர் தாயார் அழகம்மாள் இறந்தது ஸ்கந்தாசிரமத்தில்தான். அம்மாவின் சமாதியைக் கீழே வைத்தார்கள், அதைச் சுற்றித்தான் ஆசிரமம் வளர்ந்தது. பால் பிரண்டன் 1934இல் எழுதிய புத்தகம் வெளிநாட்டுக்காரர்களுக்கு வழி காட்டியது. ஆங்கில நாவலாசிரியர் சாமர்செட் மாம் 1938இல் வந்து போனார். ஆன்மிகத்தில் நாட்டம் இல்லாதவர்களும் இந்தப் பாதையில் நடக்கலாம். ஆசிரமத்தில் லட்சுமி என்ற பசுவுக்கும், ஒரு மானுக்கும், ஒரு காக்கைக்கும், ஒரு நாய்க்கும் சமாதி உண்டு. பிள்ளைகள் அங்கேதான் அதிக நேரம் நிற்பார்கள். தினமும் உள்ளே பந்தி போடுமுன், வாசலில் வரிசையில் உட்கார்ந்திருக்கும் சாதுக்களுக்கும் இல்லாதவர்களுக்கும் முதலில் சோறு போகிறது. அதையும் காட்டுங்கள்.

ஸ்கந்தாசிரமத்திலிருந்து வந்த வழியே திரும்ப வேண்டாம். விருபாட்ச குகை வழியாகக் கீழே இறங்கினால் ஊருக்குள், பேய்க் கோபுரத்துப் பக்கம் வந்து சேருவீர்கள். அங்கிருந்து கோவில் இரண்டு எட்டு. மலைப்பாதையைத் திறந்து மூட நேரம் உண்டு, சாயங்காலம் ஏற ஆரம்பிக்காதீர்கள்.

கோவிலைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அது தனிப் பதிவாகிவிடும். ஒன்றை மட்டும் சொல்கிறேன். கிருஷ்ணதேவராயர் தொடங்கி தஞ்சாவூர் செவ்வப்ப நாயக்கர் முடித்த 217 அடி ராஜகோபுரத்தை எல்லோரும் பார்க்கிறார்கள். வடக்கே இருக்கிற அம்மணி அம்மாள் கோபுரத்துக்கு முன்னால் ஐந்து நிமிஷம் நில்லுங்கள். செங்கம் பக்கத்துச் சென்னசமுத்திரத்தில் பிறந்த ஒரு பெண், துறவியாகி, வீடு வீடாகப் போய்க் காசு கேட்டு முடித்த கோபுரம் அது. ராஜா கட்டிய கோபுரங்கள் தமிழ்நாட்டில் எத்தனையோ. ஒரு அம்மா யாசகம் எடுத்து எழுப்பியதை இங்கேதான் பார்க்க முடியும்.

பொங்கலுக்கு லீவு கிடைத்தால் நேராக இங்கே வந்துவிடுங்கள். மாட்டுப் பொங்கலன்று திருவூடல் திருவிழா. அண்ணாமலையாருக்கும் உண்ணாமுலை அம்மனுக்கும் சண்டை. திருவூடல் தெருவில் இரண்டு உற்சவமூர்த்திகளும் முன்னும் பின்னுமாக ஓட, அம்மன் கோபித்துக்கொண்டு கோவிலுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். சாமி அன்று ராத்திரி அம்மன் இல்லாமல் தனியாகக் கிளம்பி, மறுநாள் மலையைச் சுற்றி வருவார், அதன்பிறகுதான் சமாதானம். தெருவே கூடிநின்று ஒரு வீட்டுச் சண்டையை வேடிக்கை பார்க்கிற மாதிரி பார்க்கும், பெண்கள் அம்மன் பக்கம் சேர்ந்துகொண்டு பேசுவார்கள். மாசி மகத்துக்கு வந்தால் பள்ளிகொண்டாப்பட்டுக்குப் போங்கள். பிள்ளை இல்லாத வல்லாள மகாராஜாவுக்கு அண்ணாமலையாரே மகனாக நின்று ஆற்றங்கரையில் திதி கொடுக்கிறார். 14ஆம் நூற்றாண்டு ஹொய்சள ராஜாவுக்கு இன்னமும் வருஷா வருஷம் நடக்கிறது. தீபத்துக்கு வருகிற கூட்டத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இந்த இரண்டு விழாவுக்கும் கிடையாது. எனக்கு இவைதான் பிடித்தவை.

இனி ஜவ்வாது மலை. போளூர் போய் அங்கிருந்து மலை ஏற வேண்டும். ஜமுனாமரத்தூர்தான் மேலே இருக்கிற பெரிய ஊர், பெரிய ஊர் என்றால் ஒரு கடைத்தெரு அளவுதான். பஸ்ஸில் போவதையே சிபாரிசு செய்வேன். வளைவுக்கு வளைவு காற்று மாறுவது காரின் கண்ணாடிக்குள் தெரியாது. திரும்பி வருகிற பஸ்ஸில் சாமை மூட்டை, புளி மூட்டை, பலாப்பழம் எல்லாம் பயணிகளோடு சேர்ந்து இறங்கும். இங்கே வாழ்கிற பழங்குடிகள் மலையாளிகள். கேரளத்துக்காரர்கள் இல்லை, தமிழ் பேசுகிற மலைவாசிகள். அவர்கள் விளைவிக்கிற சாமையை அங்கேயே வாங்குங்கள். சாமைக்கு உமி இறுக்கமாக ஒட்டியிருக்கும், குத்திப் புடைப்பது லேசான வேலை இல்லை. முன்பெல்லாம் பெண்கள் உரலில் குத்திக் குத்திக் கை காய்த்துப்போகும், இப்போது மெஷின் வந்திருக்கிறது. சூடான சாமைச் சோற்றில் கொள்ளு ரசம் ஊற்றிச் சாப்பிட்டால், குளிரில் வேறு எதுவும் கேட்கத் தோன்றாது. தேனும் சீசனில் சீதாப்பழமும் கிடைக்கும்.

அங்கே சுற்றிப் பார்க்க ஏரி இருக்கிறது, படகு இருக்கிறது, பீமன் அருவி இருக்கிறது. அருவியில் மழைக்குப் பிறகு வந்தால்தான் தண்ணீர், கோடையில் பாறையைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். ஆனால் ஜவ்வாது மலையில் செய்ய வேண்டிய முதல் காரியம் ராத்திரி வானத்தைப் பார்ப்பது. ஆலங்காயம் போகிற வழியில் காவலூர். அங்கே இருக்கிற வைணு பாப்பு வானாய்வகத்தின் வெள்ளைக் குவிமாடம் மரங்களுக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டிருக்கும். பெரிய நகரங்களின் வெளிச்சமும் புகையும் எட்டாத இடம். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் வடக்கு வானமும் தெரியும், தெற்கு வானத்தில் பெரும் பகுதியும் தெரியும். அதற்காகவே இந்த மலையைத் தேர்ந்து 1968இல் சின்னத் தொலைநோக்கி ஒன்றோடு ஆரம்பித்தார்கள். யுரேனஸ் கிரகத்தைச் சுற்றி வளையம் இருக்கிறது என்று 1977இல் உலகம் கண்டுபிடித்தபோது, அந்தக் கணக்கில் காவலூரின் பங்கும் உண்டு. 1986இல் 2.34 மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1988இல் இங்கிருந்து கண்டுபிடித்த ஒரு சிறுகோளுக்குக் கணித மேதை ராமானுஜன் பெயரை வைத்தார்கள். சனிக்கிழமைகளில் பொதுமக்களை அனுமதிப்பது வழக்கம். மேகம் இருந்தால் ஒன்றும் தெரியாது, மழைக்காலத்தில் போக வேண்டாம். கிளம்புமுன் இந்திய வானியற்பியல் நிலையத்தின் இணையதளத்தில் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த மலைகளுக்கு ஒரு பழைய வழிகாட்டிப் புத்தகம் உண்டு, மலைபடுகடாம். பத்துப்பாட்டில் ஒன்று, 583 அடி. பாடியவர் பெருங்கௌசிகனார். செங்கத்தை ஆண்ட நன்னனைப் பார்க்கப் போகிற கூத்தர் கூட்டத்துக்கு, முன்பே போய் வந்த ஒருவர் வழி சொல்வதுதான் மொத்தப் பாட்டும். பன்றிக்குப் பொறி வைத்திருப்பார்கள், விடிந்த பிறகு நட. தினைப்புனம் காக்கிறவர்கள் யானையை விரட்டக் கவண்கல் எறிவார்கள், மரத்தின் மறைவில் போ. பாறையில் பாசி வழுக்கும், கொடியைப் பிடித்துக்கொள். எந்த ஊரில் என்ன சோறு கிடைக்கும், ராத்திரி எங்கே தங்கலாம் என்பது வரைக்கும் வரும். அதில் வருகிற சேயாறுதான் ஜவ்வாது மலையில் பிறந்து செங்கம் வழியாக ஓடுகிற இன்றைய செய்யாறு. நவிர மலை என்று வருவதை இன்றைய பர்வதமலை என்று அறிஞர்கள் அடையாளம் சொல்கிறார்கள். ஒரு நல்ல உரைப் பதிப்பை வாங்கிக்கொண்டு வாருங்கள், ராத்திரி ரூமில் பத்துப் பத்து அடியாகப் படியுங்கள். மறுநாள் பஸ் ஜன்னலில் தெரிகிற மலை வெறும் மலையாக இருக்காது. புத்தகம் கிடைக்காவிட்டால் எங்கள் ஊர் வம்சி புக்ஸில் கேட்டுப் பாருங்கள்.

பர்வதமலை உடம்பில் தெம்பு உள்ளவர்களுக்கு மட்டும். 4,560 அடி. கடைசிப் பகுதியில் பாறையில் அடித்திருக்கிற கடப்பாறைகளையும் சங்கிலியையும் பிடித்துத்தான் ஏற வேண்டும். முழங்கால் வலி, ரத்த அழுத்தம், தலைசுற்றல் இருந்தால் அடிவாரத்திலேயே கும்பிட்டுத் திரும்பிவிடுங்கள். ஏறுகிறவர்கள் வனத்துறையின் நேரக் கட்டுப்பாட்டைக் கேட்டுக்கொண்டு ஏறுங்கள், ஈரமான நாளில் கூடவே கூடாது.

அரை நாள் மிச்சமிருந்தால் சாத்தனூர் அணை. தென்பெண்ணையின் குறுக்கே 1958இல் கட்டி முடித்தது, முதலைப் பண்ணை இருக்கிறது, அணை மீன் வறுவல் நன்றாக இருக்கும். சென்னைக்குக் காரில் திரும்புகிறவர்களுக்கு வழியிலேயே செஞ்சிக் கோட்டை. 2025 ஜூலையில் அதை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். ராஜகிரி ஏற வேண்டுமானால் காலையிலேயே போங்கள். வழியில் மல்லாட்டை (வேர்க்கடலை) வயல் நிறைய, அறுவடைக் காலத்தில் அவித்த மல்லாட்டை ரோட்டோரமே கிடைக்கும்.

அண்ணாமலை உச்சிக்குப் போகலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். போகக் கூடாது. உச்சிக்கு ஏறவும், காட்டுக்குள் போகிற பழைய உள்வழிப் பாதையில் நடக்கவும் வனத்துறை தடை போட்டிருக்கிறது. ரகசியமாகக் கூட்டிப்போகிறேன் என்று பணம் கேட்டு வருகிறவர்களை நம்பாதீர்கள். 2024 டிசம்பர் 1ஆம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில் மலையடிவாரத்து வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து, குழந்தைகள் உட்பட 7 பேர் செத்துப்போனார்கள். அந்த வருஷம் தீபத்தன்று பக்தர்களை மலையேற விடவில்லை. அந்தத் தெருவைத் தாண்டிப் போகும்போது எங்களுக்கு இன்னமும் வயிறு பிசைகிறது. இந்த மலையைப் பார்க்க அதன் தலையில் ஏறி நிற்க வேண்டியதில்லை. இதைச் சுற்றி நடப்பதுதான் இங்கே வழக்கம்.

வருகிறவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். ஸ்கந்தாசிரமப் பாதையில் கற்பூரம் ஏற்றாதீர்கள், பீடி சிகரெட் பற்ற வைக்காதீர்கள். மாசிக்குப் பிறகு மலைப்புல் காய்ந்து கிடக்கும், ஒரு பொறி போதும், வருஷக்கணக்காக வளர்த்த மரங்கள் ஒரே ராத்திரியில் போய்விடும். குரங்குக்கு பிஸ்கட் போடாதீர்கள். தண்ணீர் பாட்டிலை வீட்டிலிருந்து கொண்டுவந்து, அதையே நிரப்பிக் குடித்து, திரும்ப எடுத்துப் போங்கள். ஜவ்வாது மலையில் பாட்டிலை உடைத்துப் போடாதீர்கள், அங்கே பிள்ளைகள் வெறுங்காலோடு நடக்கிறார்கள். லாட்ஜில் ரூம் போடும்போது ஒரு நாளைக்கு என்று போடாமல் மூன்று நாளைக்குப் போடுங்கள், நாள்காட்டியில் பௌர்ணமி எப்போது என்று முதலில் பார்த்துவிட்டு.